ஆபரேஷனில் கால் போயிடுச்சா? அரசு மருத்துவமனையில் இலவச செயற்கைக் கால் பெறுவது எப்படி? - முழு விவரம்

சர்க்கரை நோயால் ஆறாத புண், நடுரோட்டில் நடந்த விபத்து, மெஷினில் சிக்கிய கால்... காரணம் எதுவாக இருந்தாலும், உயிரைக் காப்பாற்ற காலை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லும் நாள் ஒரு குடும்பத்தையே புரட்டிப் போட்டுவிடும். ஆபரேஷன் முடியும். புண் ஆறும். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் கொடுப்பார்கள். ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்து கட்டிலில் உட்கார வைப்பார்கள்.

அதற்குப் பிறகு? இந்த இடத்தில்தான் பல குடும்பங்களுக்கு வழி தெரியாமல் போகிறது. "புண் ஆறினதும் வாங்க" என்று சொன்னது நினைவிருக்கும். எங்கே வர வேண்டும், எந்த டிபார்ட்மெண்ட், என்ன சீட்டு எடுத்து வர வேண்டும் என்பது தெரியாது. மாதங்கள் ஓடிவிடும். கட்டிலிலேயே இருந்த முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு செயற்கைக் கால் கிடைத்தாலும் அதை மாட்டி நடப்பது பெரும்பாடு.

அரசு மருத்துவமனைகளில் செயற்கைக் கால், கை, நடைப் பயிற்சி எல்லாமே உண்டு. எங்கே, எப்படி, எப்போது கேட்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

மறுவாழ்வு சிகிச்சை என்றால் என்ன?

புனர்வாழ்வு மருத்துவம், மறுவாழ்வு சிகிச்சை, பி.எம்.ஆர். என்று பல பெயர்களில் அழைக்கப்பட்டாலும் விஷயம் ஒன்றுதான். நோயையோ காயத்தையோ குணப்படுத்துவதோடு நிற்காமல், அந்த மனிதர் மறுபடியும் தானாக எழுந்து, குளித்து, உடுத்தி, நடந்து, வேலைக்குப் போகும் அளவுக்குக் கொண்டு வருவதுதான் இதன் வேலை.

இதை ஒரே ஒரு டாக்டர் செய்துவிட முடியாது. மறுவாழ்வு மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செயற்கை உறுப்பைச் செய்து பொருத்தும் வல்லுநர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் என ஒரு குழுவே சேர்ந்து செய்ய வேண்டும். காலை இழந்தவர்கள் மட்டுமல்ல, பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் ஆகியோருக்கும் இந்தத் துறைதான்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966-ல் வேலூரில் உருவான மறுவாழ்வு மையம், நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் வசதியுடன் இந்தியாவில் அமைந்த முன்னோடி மையம்.

எத்தனை பேருக்குத் தேவை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். இவர்களில் சுமார் 54 லட்சம் பேருக்குக் கை, கால் இயக்கத்தில் குறைபாடு. தமிழ்நாட்டில் மொத்த மாற்றுத்திறனாளிகள் எண்ணிக்கை சுமார் 11.8 லட்சம்.

உலக அளவில் பார்த்தால், சக்கர நாற்காலி, செயற்கை உறுப்பு, மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி என ஏதாவது ஓர் உதவிப் பொருள் தேவைப்படுபவர்கள் 250 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் 2022-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. 2050-ல் இது 350 கோடியாக உயரும் என்றும் கணித்திருக்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் ஏன் ரொம்ப முக்கியம்?

செயற்கைக் கால் கதை, அதை மாட்டும் நாளில் தொடங்குவதில்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாளே தொடங்கிவிடுகிறது.

வெட்டியது போக மிச்சமிருக்கும் பகுதியை மருத்துவமனையில் 'ஸ்டம்ப்' என்பார்கள். ஆரம்பத்தில் அது வீங்கி, உருண்டையாக இருக்கும். இந்த நிலையில் அளவெடுத்தால் செயற்கைக் கால் சில வாரங்களிலேயே லூசாகிவிடும். வீக்கம் வற்றி, ஸ்டம்ப் ஒரு நிலையான வடிவத்துக்கு வர வேண்டும். அதற்காகத்தான் கிரேப் பேண்டேஜ் கட்டச் சொல்கிறார்கள். வட்டமாக இறுக்கிச் சுற்றக் கூடாது. எட்டுப் போடுவது மாதிரி குறுக்கு நெடுக்காகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம் அதிகமாகவும் மேலே வர வர குறைவாகவும் இருக்க வேண்டும். தளர்ந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே நர்ஸ் அல்லது பிசியோதெரபிஸ்ட்டிடம், வீட்டில் இருப்பவர் ஒருவர் இதைச் செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்வது. பாசத்தில் குடும்பத்தினர் செய்யும் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. "வலிக்குதே" என்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்பார்கள். அப்போதைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே பழகி இறுகிவிடும். நீட்ட முடியாத முழங்காலில் செயற்கைக் கால் மாட்டி நிமிர்ந்து நிற்க முடியாது.

எனவே வீட்டில் இவற்றைக் கவனியுங்கள்:

- ஸ்டம்புக்குக் கீழே தலையணை வேண்டாம்.
- கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டாம்.
- நாற்காலியில் உட்காரும்போது முழங்காலுக்குக் கீழ் எடுத்தவர்கள், ஒரு பலகையோ ஸ்டூலோ வைத்துக் காலை நீட்டி வையுங்கள்.
- டாக்டர் அனுமதித்தால் தினமும் சில முறை குப்புறப் படுக்க வேண்டும். தொடைப் பகுதியில் எடுத்தவர்களுக்கு இடுப்பு மூட்டு இறுகாமல் இருக்க இது ரொம்ப அவசியம்.
- கை, தோள், நல்ல கால் மூன்றுக்கும் உடற்பயிற்சி வேண்டும். வாக்கரையோ ஊன்றுகோலையோ பிடித்து நடக்கப் போவது அவைதானே.

இல்லாத காலில் வலிக்குமா?

வலிக்கும். எடுத்துவிட்ட பாதம் அரிப்பதாகவும், விரல் முறுக்குவதாகவும், எரிவதாகவும் பலர் சொல்வார்கள். "இல்லாத கால் எப்படி வலிக்கும், மனப்பிரமை" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். சிலர் இதைப் பேய், செய்வினை என்றுகூட நினைத்துப் பயந்துவிடுவார்கள்.

இது கற்பனை அல்ல. கால் போனாலும் அந்தக் காலுக்கான இடம் மூளையில் இன்னும் இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்புகளும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு மாத்திரை உண்டு. ஸ்டம்பை மெதுவாகத் தட்டிக் கொடுத்து, தடவிக் கொடுத்துப் பழக்கும் பயிற்சி உண்டு. கண்ணாடியில் நல்ல காலைப் பார்த்தபடி அசைக்கும் 'மிரர் தெரபி'யும் உண்டு. இந்தக் கண்ணாடி முறையைக் கண்டுபிடித்தவர் சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ். ராமச்சந்திரன். ஆகவே வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அதே மாதிரி, கால் போன துக்கமும் உண்மையானது. சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், "நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது" என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. மனநல ஆலோசனையும் மறுவாழ்வு சிகிச்சையின் ஒரு பகுதிதான். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

எங்கே போக வேண்டும்?

சென்னையில் இதற்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம்தான் அது. சென்னை மருத்துவக் கல்லூரியின் கீழ் இயங்கும் இங்கே செயற்கை உறுப்புகள் தயாரிக்கும் பிரிவும், பயிற்சிப் பிரிவுகளும், தங்கிச் சிகிச்சை பெறும் வசதியும் உண்டு.

சென்னைக்கு வர முடியாதவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களிலும் செயற்கை உறுப்பு மையங்கள் இருக்கின்றன. மற்ற மாவட்டங்களில், உங்கள் பகுதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடநீக்கியல் பிரிவு அல்லது மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் கேட்கலாம். அங்கேயே வசதி இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னை அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்றும் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 2005-ல் தொடங்கப்பட்ட இங்கேயும் செயற்கை உறுப்புப் பிரிவு உண்டு.

அரசு மருத்துவமனை தவிர இன்னொரு கதவும் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உண்டு. பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கும். செயற்கைக் கால், காலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாவற்றுக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். உலக வங்கி உதவியுடன் செயல்படும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் 'விழுதுகள்' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன. பிசியோதெரபி உள்ளிட்ட சேவைகளை வீட்டுக்குப் பக்கத்திலேயே கொடுப்பதுதான் இவற்றின் நோக்கம்.

படுத்த படுக்கையாக இருப்பவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியவில்லையா? 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அடக்கம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

செயற்கைக் கால் எப்படிச் செய்கிறார்கள்?

கடையில் செருப்பு வாங்குவது மாதிரி ரெடிமேடாக எடுத்து மாட்டுவது அல்ல இது. ஒவ்வொருவருக்கும் தனியாகச் செய்ய வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தவர்களின் செயற்கைக் காலில் மூன்று பகுதிகள் முக்கியம். ஸ்டம்ப் உள்ளே நுழையும் கிண்ணம் போன்ற 'சாக்கெட்', எடையைத் தாங்கும் நடுக் குழாய், கீழே பாதம். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்கு இவற்றோடு செயற்கை முழங்கால் மூட்டும் சேரும்.

இதில் உயிர்நாடி சாக்கெட்தான். பாதம் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் சாக்கெட் பொருந்தவில்லை என்றால் நடக்க முடியாது.

முதலில் ஸ்டம்பின் மேல் மாவுக்கட்டு போட்டு அச்சு எடுப்பார்கள். அந்த அச்சுக்குள் மாவை ஊற்றி ஸ்டம்ப் மாதிரியே ஓர் உருவம் செய்வார்கள். எந்த இடம் எடையைத் தாங்கும், எந்த இடத்தில் எலும்பு துருத்திக்கொண்டு வலிக்கும் என்று பார்த்து அந்த உருவத்தைச் சீவியும் சேர்த்தும் திருத்துவார்கள். அதன் மேல் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி சாக்கெட் செய்வார்கள். பிறகு குழாய், பாதம் எல்லாம் இணைத்து, நோயாளியை நிற்க வைத்து, உயரமும் கோணமும் சரிதானா என்று பார்த்துத் திருத்துவார்கள்.

முழங்காலுக்குக் கீழ் எடுத்தவர்களுக்கு நடை சீக்கிரம் கைகூடும். முழங்காலுக்கு மேல் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். மற்றவர்கள் நடக்கச் செலவிடும் சக்தியைவிட, முழங்காலுக்குக் கீழ் ஒரு காலை இழந்தவருக்குச் சுமார் கால் பங்கு கூடுதலாகவும், முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கு ஏறக்குறைய 60 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகவும் தேவைப்படும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இதனால்தான் முழங்கால் மூட்டைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர்கள் கடைசி வரை பார்க்கிறார்கள். இதயக் கோளாறு உள்ள வயதானவர்களுக்குச் செயற்கைக் காலைவிட சக்கர நாற்காலியே பாதுகாப்பு என்று டாக்டர் சொன்னால் அதற்கும் காரணம் இதுதான்.

மாட்டின உடனே நடக்கலாமா?

முடியாது. முதல் நாள் சில நிமிடங்கள் மாட்டி நிற்பதில்தான் தொடங்கும். இரு பக்கமும் கம்பிகள் உள்ள பயிற்சிப் பாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றப் பழகுவார்கள். பிறகு வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு படிக்கட்டு, மேடு பள்ளம் என்று போகும். விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வாழ்க்கைக்கு இன்னும் சில தேவைகள் உண்டு. இந்தியக் கழிப்பறை, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, வயல் வரப்பு, பேருந்தின் உயரமான படிக்கட்டு. "நான் விவசாய வேலை பார்க்கிறேன்", "எங்க வீடு மாடியில இருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அதற்கு ஏற்ற பாதத்தையும் பயிற்சியையும் தர முடியும்.

ஜெய்ப்பூர் கால் என்கிறார்களே, அது என்ன?

1968-ல் ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூரில், சவாய் மான்சிங் அரசு மருத்துவமனையில் உருவானது அது. அதிகம் படிக்காத சிற்பக் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும், டாக்டர் பி.கே. சேத்தி உள்ளிட்ட மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த வெளிநாட்டுப் பாணி செயற்கைக் கால்களுக்கு ஷூ தேவைப்பட்டது. அவற்றை மாட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்காரவோ குந்தவோ முடியாது. ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது, பார்க்க மனிதப் பாதம் போலவே இருக்கும், வெறுங்காலோடு சேற்றிலும் நடக்கலாம். சேத்திக்கு 1981-ல் மகசேசே விருது கிடைத்தது.

இந்தக் காலுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நடிகையும் நடனக் கலைஞருமான சுதா சந்திரன் 1981-ல் திருச்சி அருகே பேருந்து விபத்தில் சிக்கினார். காயத்தில் தொற்று பரவி, வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர் கால் பொருத்தி, பயிற்சி எடுத்து, சில ஆண்டுகளில் மறுபடி மேடையேறி பரதநாட்டியம் ஆடினார். அவர் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்ட 'மயூரி' படத்தில் அவரே நடித்தார்.

செலவு எவ்வளவு? யாருக்கு இலவசம்?

தனியாரில் செயற்கைக் காலின் விலை தரத்தைப் பொறுத்து சில ஆயிரங்களில் தொடங்கி பல லட்சம் வரை போகும். அரசு வழியில் போனால் இலவசமாகவே பெற முடியும்.

மத்திய அரசின் 'அடிப்' திட்டம் 1981 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைந்தது 40 சதவீத ஊனச் சான்றிதழ் வேண்டும். 2022-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருந்தால் உபகரணம் முழுக்க இலவசம். 22,501 முதல் 30,000 ரூபாய் வரை என்றால் பாதி விலை. ஒரு முறை வாங்கியவர் அதே உபகரணத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி கேட்கலாம். 12 வயது வரையுள்ள குழந்தைகள் வளர்ந்துகொண்டே இருப்பதால், அவர்களுக்கு ஓர் ஆண்டு போதும். இந்தத் திட்டத்துக்கான பொருட்களைப் பெருமளவில் தயாரிப்பது, கான்பூரில் 1972-ல் நிறுவப்பட்ட 'அலிம்கோ' என்ற மத்திய அரசு நிறுவனம்.

மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் செயற்கை உறுப்புகளை வழங்குகிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவுள்ள தொழிலாளியா? அப்படியென்றால் செயற்கை உறுப்பு உங்கள் மருத்துவ உரிமையிலேயே அடக்கம். இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கேளுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

- ஆதார், குடும்ப அட்டை
- டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் விவரம்
- யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை அல்லது ஊனச் சான்றிதழ்
- வருமானச் சான்றிதழ் (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்)
- பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்

எல்லாவற்றையும் நான்கைந்து ஜெராக்ஸ் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைத்துவிடுங்கள். ஒரு பேப்பருக்காகத் திரும்ப அலைவது, காலை இழந்தவருக்குச் சாதாரண விஷயமல்ல.

2021 ஜூன் முதல் ஊனச் சான்றிதழ் யு.டி.ஐ.டி. இணையதளம் வழியாகத்தான் வழங்கப்படுகிறது. விண்ணப்பித்த பிறகு அரசு மருத்துவர் பரிசோதித்து சதவீதத்தை முடிவு செய்வார். அட்டையில் பட்டையின் நிறத்தை வைத்தே அளவு தெரியும். வெள்ளை என்றால் 40 சதவீதத்துக்கும் கீழ், மஞ்சள் என்றால் 40-லிருந்து 80-க்குள், நீலம் என்றால் 80-ம் அதற்கு மேலும்.

இங்கே ஒரு சிக்கல். முழங்காலுக்குக் கீழ் காலை எடுத்தவர்களுக்கு 40 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஆனால் சர்க்கரை நோயால் விரல்களை மட்டும் எடுத்தவர்களுக்கு அந்த அளவு வராது. அவர்களுக்கு 'அடிப்' திட்டம் கைகொடுக்காது. ஆனால் அடுத்த ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். விரல் இல்லாத பாதத்தில் எடை தப்பான இடத்தில் விழும், அங்கே மறுபடி புண் வரும். எனவே மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, பாதத்துக்கு ஏற்ப செய்த ஷூ ஆகியவற்றை மறுவாழ்வுப் பிரிவில் கேட்டு வாங்குவது முக்கியம்.

கால் கிடைத்தும் ஏன் பலர் மாட்டுவதில்லை?

இதுதான் யாரும் அதிகம் பேசாத விஷயம். மேடையில் செயற்கைக் கால் வாங்கும் போட்டோ வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். கால் பரணில் தூங்கும்.

காரணம், சோம்பேறித்தனம் இல்லை. ஒரே நாள் முகாமில் அளவெடுத்து, இன்னொரு நாள் முகாமில் கொடுத்துவிட்டு போய்விட்டால், நடுவில் நடைப் பயிற்சி கிடைப்பதில்லை. மாட்டிய சில வாரங்களில் ஸ்டம்ப் இன்னும் சுருங்கும். சாக்கெட் லூசாகி, உராய்ந்து, புண் வரும். திருத்திக் கொடுக்க ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். "எனக்கு இது ஒத்துக்கல" என்று கழற்றி வைத்தால், அத்தோடு முடிந்தது.

முகாம் தப்பு என்று அர்த்தமில்லை. பெரிய ஊருக்கு வர முடியாத பலருக்கு முகாம்தான் ஒரே வழி. ஆனால் வாங்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்:

1. நடைப் பயிற்சி எங்கே, எத்தனை நாள்?
2. லூசானால், புண் வந்தால் யாரிடம் வர வேண்டும்?
3. பாதமோ பட்டையோ தேய்ந்தால் மாற்றித் தருவீர்களா?

கொஞ்சம் லூசானதற்கு உடனே புதுக் கால் தேவையில்லை. ஸ்டம்புக்குப் போடும் காட்டன் சாக்ஸை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாலே சரியாகிவிடும். அதற்கும் மேல் லூசானால் சாக்கெட்டை மட்டும் மாற்றலாம். தினமும் இரவு ஸ்டம்பை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, கண்ணாடி வைத்து அடிப்பக்கம் வரை பாருங்கள். கழற்றிப் பத்து நிமிடம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் அங்கே அழுத்தம் அதிகம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாது என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. புண் வந்தால் அது ஆறும் வரை காலை மாட்ட வேண்டாம்.

கையை இழந்தவர்களுக்கு?

செயற்கைக் கையில் மூன்று வகை உண்டு. பார்வைக்கு மட்டும் கை போலிருப்பது ஒன்று. தோள் அசைவால் கம்பியை இழுத்துப் பிடிமானத்தைத் திறந்து மூடும் வகை இன்னொன்று. தசையிலிருந்து வரும் மின் சிக்னலை வைத்து பேட்டரியில் இயங்குவது மூன்றாவது. பட்டறை, வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு அழகான கையைவிட, கொக்கி மாதிரி இருக்கும் கம்பி வகை கை அதிகம் உதவும். எந்த வேலைக்காக என்று யோசித்துக் கேளுங்கள்.

வேலை போயிடுமா? இழப்பீடு உண்டா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, கடந்த 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது என்று இந்தச் சட்டம் சொல்கிறது. பழைய வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அரசு வேலைகளில் 4 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. மறுவாழ்வு சேவை தருவதை அரசின் கடமையாகவே இந்தச் சட்டம் வைத்திருக்கிறது. ஆக, நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

சாலை விபத்தில் காலை இழந்தவர்கள் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் வழக்குப் போடும்போது, ஆஸ்பத்திரி பில்லோடு நிறுத்திவிடக் கூடாது. செயற்கைக் காலைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், பராமரிக்க வேண்டும். உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான ஒரு வழக்கில், 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த எதிர்காலச் செலவையும் கணக்கில் எடுத்து இழப்பீட்டை உயர்த்தியது. உங்கள் வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்கு வந்து போகும் செலவுக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. துணை இல்லாமல் பயணிக்க முடியாதவர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில், உடன் வருபவருக்கும் சேர்த்து 75 சதவீதம் சலுகை கிடைக்கும்.

காலை இழக்காமல் தடுக்க முடியுமா?

நிறைய பேருக்கு முடியும். சர்க்கரை நோயில் கால் போவது ஒரே நாளில் நடப்பதில்லை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஒரு சின்னக் கொப்புளம், செருப்புக் கடி, ஆணி, குத்திய முள்... அதில்தான் தொடங்கும். வலிக்காது என்பதால் கவனிக்க மாட்டோம். தினமும் தூங்கும் முன் பாதத்தை, விரல் இடுக்குகளைப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்காதீர்கள். சூடு உறைக்காது என்பதால் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். புகையை நிறுத்துங்கள். நிறம் மாறிய, நாற்றம் அடிக்கும், ஆறாத புண் எதுவானாலும் நாட்டு மருந்து போட்டு நாளைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இதற்காகவே தமிழ்நாடு அரசு 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தையும் செயல்படுத்துகிறது.

விபத்தில் அடிபட்டவர்களுக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். 108-க்கு அழைப்பதில் தாமதம் வேண்டாம். நசுங்கிய காலுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

சுருக்கமாகச் சொன்னால்...

- டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, "செயற்கைக் காலுக்கு எங்கே, எப்போ வரணும்?" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள்.
- பேண்டேஜ் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். தலையணை வைக்காதீர்கள்.
- புண் ஆறும் காலத்திலேயே யு.டி.ஐ.டி., வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.
- கால் வந்ததும் பயிற்சியை முழுசாக முடியுங்கள்.
- லூசானாலும் புண் வந்தாலும் பரணில் போடாமல், செய்து கொடுத்த இடத்துக்கே எடுத்துப் போங்கள்.
- எங்கேயும் வேலை நடக்கவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில், காலை இழந்து கட்டிலோடு இருக்கும் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். "அதெல்லாம் பணக்காரங்களுக்குத்தான்" என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். இந்தத் தகவலை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால், முதல் ஓ.பி. சீட்டு போடும் அன்றைக்குக் கூடவே போங்கள்.